நர்சிங் ஹோமில் அம்மா: கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

அட்மிஷன் மேசையில் நீட்டப்படும் காகிதக் கட்டு சில சமயம் ஐம்பது அறுபது பக்கம் தேறும். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த அம்மா சக்கர நாற்காலியில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனை இன்றைக்குள் படுக்கையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. மகன் அரை நாள் விடுப்பில் ஓடி வந்திருக்கிறான். "இங்கே ஒன்று, இங்கே ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று" என்று காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறான். அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் வாழும் பல குடும்பங்கள் இப்படித்தான் நர்சிங் ஹோமுக்குள் நுழைகின்றன. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு குடும்பம் தன் உரிமைகள் சிலவற்றைத் தெரியாமலே எழுதிக் கொடுத்துவிடலாம். சட்டம் நிர்ப்பந்திக்காத பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ளவும் செய்யலாம். அந்த நாட்டுச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அதன் பொருள் வேறு. இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் பராமரிப்பு தேவைப்படுகிறவர்கள், பெரும்பாலும் முதியவர்கள், வாரக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தங்கும் இடம் அது. நாடு முழுவதும் ஏறத்தாழ 15,000 இல்லங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் வாழ்கிறார்கள். இதோடு 'அசிஸ்டட் லிவிங்' என்னும் வகையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே தனி அறை, சாப்பாடு, குளிக்க உடுத்தக் கொஞ்சம் கைத்துணை என்று கிடைக்கும். கட்டடம் ஒரே மாதிரி இருக்கும், விளம்பரமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கீழே சொல்லப்போகும் மத்தியச் சட்டம் அசிஸ்டட் லிவிங் இல்லங்களைக் கட்டுப்படுத்தாது. அவை அந்தந்த மாநில விதிகளுக்கு மட்டுமே உட்பட்டவை. ஆகவே எந்த இல்லமானாலும் முதல் கேள்வி, "இது எந்த உரிமத்தில் நடக்கிறது?" என்பதுதான்.

பணத்தின் வழியே வந்த சட்டம்

1980களில் அமெரிக்க நர்சிங் ஹோம்களின் நிலை மோசமாக இருந்தது. முதியவர்களை நாற்காலியோடு கட்டிவைப்பது சாதாரண நடைமுறையாக இருந்தது. 1986-இல் மருத்துவக் கழகம் என்னும் அறிவியல் ஆலோசனை அமைப்பு, நாடாளுமன்றம் கேட்டதன் பேரில் ஆராய்ந்து விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதை ஒட்டி 1987 டிசம்பரில் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனிச் சட்டமாக வரவில்லை. அந்த ஆண்டின் பெரிய வரவு செலவுச் சட்டத்துக்குள் ஒரு பகுதியாக வந்தது. கையெழுத்திட்டவர் அதிபர் ரீகன்.

பட்ஜெட்டுக்குள் முதியோர் உரிமை ஏன் வந்தது என்று கேட்டால், சட்டத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. இந்த இல்லங்களில் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்து வருகிறது: 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர், வசதி குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு என்னும் இரண்டு திட்டங்களின் வழியாக. அரசு சொன்னது எளிய வாக்கியம்: என் பணம் வேண்டுமானால் என் நிபந்தனையை ஏற்றுக்கொள். பணம் வேண்டாம் என்று சொல்லும் இல்லம் அரிது. ஆகவே இந்த விதிகள் ஏறத்தாழ எல்லா இல்லங்களிலும் செல்லும். இத்திட்டங்களுக்கான சான்று பெற்ற இல்லத்தில் சொந்தக் காசில் தங்கியிருப்பவருக்கும் இதே உரிமைகள்தாம். "உங்கள் அம்மாவுக்கு அரசு கொடுக்கவில்லையே, அந்த விதி இவருக்குப் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் அது தவறு.

சட்டத்தின் நடுநாயகமான வாக்கியம் ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் உடலாலும் மனத்தாலும் சமூக வாழ்விலும் தமக்கு எட்டக்கூடிய மிக உயர்ந்த நிலையை அடையவோ, அதில் தொடர்ந்து இருக்கவோ தேவையான பராமரிப்பை இல்லம் தர வேண்டும் என்கிறது அது. கேட்க அலங்காரமாகத் தோன்றினாலும் இதற்குப் பல் உண்டு. நடந்து வந்தவர் மூன்று மாதத்தில் படுக்கையில் விழுந்துவிட்டால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் ஆகும்" என்ற பதில் போதாது. படுக்கைப் புண் விஷயத்தில் விதி இன்னும் கறாரானது: நோயின் தன்மையால் தவிர்க்கவே முடியாதது என்று காட்ட முடிந்தாலொழிய, இல்லத்தில் இருக்கும்போது புண் வரக் கூடாது. முதுமை நோய் அல்ல. அலட்சியத்துக்குப் போர்வையும் அல்ல.

உரிமை யாருடையது?

நம் குடும்பங்களுக்குக் கொஞ்சம் கசப்பான பகுதி இது. சட்டம் உரிமையைக் கொடுத்திருப்பது அம்மாவுக்கு. பிள்ளைக்கு அல்ல.

மருத்துவர் அம்மாவைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு மகன் பதில் சொல்வதும், "அவங்களுக்கு ஒன்றும் தெரியாது, என்னிடம் சொல்லுங்கள்" என்பதும் நம்மிடையே அன்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு அது வேறாகத் தெரிகிறது. எப்போது எழுவது, எப்போது குளிப்பது, எந்த மருந்தை ஏற்பது, எதை மறுப்பது, யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் அங்கே தங்கியிருப்பவரின் முடிவு. தன் உடல்நிலை பற்றித் தனக்குப் புரியும் மொழியில் முழுமையாகத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்று மத்திய விதி சொல்கிறது. ஆகவே தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டியது இல்லத்தின் வேலை. தொலைபேசி வழியே அதைச் செய்ய வசதி இருக்கிறது. மகளை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைத்துப் பணம் மிச்சப்படுத்துவது எளிதுதான். ஆனால் மகள் நல்ல எண்ணத்தோடே பாதியை விழுங்கிவிடுவாள். "புற்று" என்ற சொல்லை மொழிபெயர்க்கத் துணியும் மகள் அபூர்வம்.

சாப்பாடும் இதில் அடங்கும். உணவுப் பட்டியல் அங்கே வாழ்பவர்களின் மத, பண்பாட்டுத் தேவைகளை இயன்ற அளவு கணக்கில் கொள்ள வேண்டும் என்பது விதி. பிறந்ததிலிருந்து இறைச்சி தொடாதவர் முன்னால் தினமும் இறைச்சித் தட்டை வைத்து, அவர் ஒதுக்கிவைத்தால் "பசி இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதுவது பராமரிப்பு ஆகாது. எடை குறைகிறதென்றால் மருந்தைத் தேடும் முன் தட்டைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நினைவு மங்கியவர்களின் நிலை என்ன? அங்கேதான் அதிகாரப் பத்திரம் வருகிறது. பவர் ஆஃப் அட்டர்னி என்று எல்லோரும் சொல்வதில் இரண்டு வகை உண்டு: ஒன்று பணம், சொத்து தொடர்பானது, மற்றொன்று மருத்துவ முடிவுகள் தொடர்பானது. ஒன்றை எழுதிவிட்டால் மற்றதும் கைக்கு வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், வராது. இரண்டையும் அம்மாவுக்குத் தெளிவு இருக்கும்போதே, அவர் விருப்பப்படி எழுத வேண்டும். தெளிவு போன பிறகு எழுத முடியாது. அப்போது மிஞ்சும் வழி, நீதிமன்றம் போய்க் காப்பாளராக நியமனம் பெறுவது. செலவு ஒருபுறம் இருக்கட்டும். அது ஒரு மனிதரின் முடிவெடுக்கும் உரிமையை நீதிமன்ற ஆணையால் எடுத்து வேறொருவரிடம் கொடுப்பது. வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தொட வேண்டும்.

அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாலேயே அம்மா வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. அவர் எதைக் கொடுத்தாரோ அது மட்டுமே பிள்ளையிடம் இருக்கிறது. மற்றவை அவரிடமே இருக்கின்றன. வங்கிக் கணக்கைக் கையாள முடியாதவர் எந்தப் புடவை உடுத்துவது என்று சொல்ல முடியும். விதியும் அப்படியே பிரித்துப் பார்க்கச் சொல்கிறது.

அந்தக் காகிதக் கட்டு

இனி அட்மிஷன் மேசைக்குத் திரும்புவோம். அங்கே நிதானமாகப் படிக்க வேண்டிய இடங்கள் இரண்டு.

ஒன்று, 'பொறுப்பாளர்' என்ற தலைப்பின் கீழ் வரும் கையெழுத்து. உறவினர் ஒருவர் தன் சொந்தக் காசிலிருந்து கட்டுவேன் என்று உத்தரவாதம் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று சொல்ல மத்தியச் சட்டம் எந்த இல்லத்தையும் அனுமதிப்பதில்லை. அம்மாவின் பணத்தைக் கையாளும் அதிகாரம் இருப்பவர், அம்மாவின் பணத்திலிருந்து கட்டுவதாகக் கையெழுத்திடலாம், அவ்வளவுதான். ஆனாலும் இத்தகைய வாசகங்கள் ஒப்பந்தங்களில் நுழைந்துகொண்டே இருக்கின்றன. 2022-இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் மெடிகேர் நிர்வாகமும் சேர்ந்து, இப்படி வாங்கிய கையெழுத்தைக் காட்டிப் பிள்ளைகளிடம் கடன் வசூலிப்பது சட்டவிரோதமாகலாம் என்று இல்லங்களுக்கும் வசூல் நிறுவனங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் எழுத வேண்டி வந்தது. கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் அம்மாவின் பெயரை எழுதி, "அவருடைய அதிகாரப் பத்திரப் பிரதிநிதியாக, இன்னார்" என்று போடுவது நல்லது. வெறும் பெயரைப் போட்டுவிட்டு வந்தால் பிறகு வாதாட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு முள் உண்டு. சில மாநிலங்களில், வசதியற்ற பெற்றோரைப் பிள்ளைகள் தாங்க வேண்டும் என்ற பழைய சட்டங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2012-இல் பென்சில்வேனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, தாயின் நர்சிங் ஹோம் பாக்கியான ஏறத்தாழ 93,000 டாலரை மகன் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மகன் எந்த உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தவர் அல்லர். அரிதாகத்தான் இச்சட்டங்கள் வெளியே எடுக்கப்படுகின்றன. இருந்தாலும் உங்கள் மாநிலம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதில் நட்டமில்லை.

இரண்டாவது இடம், நடுவர் தீர்ப்பு ஒப்பந்தம். "நாளை ஏதாவது தகராறு வந்தால் நீதிமன்றம் போக மாட்டோம், தனியார் நடுவர் ஒருவரின் தீர்ப்பை ஏற்போம்" என்பது இதன் சாரம். அம்மா தவறி விழுந்து, அதற்கு இல்லத்தின் கவனக்குறைவே காரணம் என்று தெரியவந்தாலும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல் அந்த நடுவரின் முன் போய்விட இந்த ஒரு தாள் போதும். 2016-இல் மத்திய அரசு இத்தகைய முன்கூட்டிய ஒப்பந்தங்களைத் தடை செய்யப் பார்த்தது, வழக்கு வந்தது, கடைசியில் 2019-இல் சமரச விதி ஒன்று அமைந்தது. அதன்படி இல்லம் இந்தத் தாளை நீட்டலாம், ஆனால் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்போம் என்று சொல்லக் கூடாது. புரியும் மொழியில் விளக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் 30 நாள்களுக்குள் அதை ரத்து செய்யலாம். தொடக்கத்தில் பார்த்த மகன் நேற்றுதான் கையெழுத்துப் போட்டான் என்றால் இன்னும் 29 நாள் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதினால் போதும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு காரியம் செய்வதானால் அதைச் செய்யுங்கள்.

திட்டக் கூட்டமும் கட்டிலும்

சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் ஒன்று தயாராக வேண்டும். 14 நாள்களுக்குள் முழு மதிப்பீடு நடக்க வேண்டும்: நடை, பார்வை, நினைவு, சாப்பாடு, மனநிலை என்று எல்லாம். அது முடிந்த ஏழு நாளில் விரிவான திட்டம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபார்வை. இந்தத் திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ளும் உரிமை அம்மாவுக்கு உண்டு. அவர் விரும்பினால் குடும்பத்தினரும் வரலாம். பலர் இதை ஒரு சடங்காக நினைத்துப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். இல்லத்தோடு நடக்கும் எல்லா உரையாடல்களிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஏனென்றால் திட்டத்தில் எழுதப்பட்டது நடக்கவில்லை என்றால் அது மீறல். எழுதப்படாதது நடக்கவில்லை என்றால் வெறும் மனக்குறை. "அடிக்கடி பார்த்துக்கொள்கிறோம்" என்பதைத் தாளில் ஏற்ற முடியாது. "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்போம்" என்பதை ஏற்றலாம்.

மருத்துவக் குறிப்பேட்டைப் பார்க்கக் கேட்டால் வார இறுதி, விடுமுறை நாள்கள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். நகல் கேட்டால் இரண்டு வேலை நாளில் தர வேண்டும். திட்டத்தில் எழுதியதையும் குறிப்பேட்டில் பதிந்ததையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் பல கதைகள் வெளிவரும்.

இனி கட்டிவைப்பது பற்றி. ஒழுங்குபடுத்தவோ ஊழியர்களின் வசதிக்காகவோ ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது 1987 சட்டத்தின் நேரடியான வார்த்தை. கயிறும் பட்டையும் மட்டுமே கட்டு என்று நினைக்க வேண்டாம். எழுந்து நிற்க முடியாதபடி நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளி வைப்பதும், அசைய முடியாமல் போர்வையை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகுவதும், சில நிலைகளில் கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்திவைப்பதும் கட்டுதான். கேட்டால் "விழாமல் இருக்கத்தான்" என்பார்கள். கம்பியைத் தாண்ட முயன்று விழுவது கம்பியில்லாத கட்டிலிலிருந்து விழுவதைவிட மோசமானது.

கயிறு குறைந்த இடத்தில் மாத்திரை வந்தது. நினைவிழப்பு உள்ளவர்கள் மாலையானால் பரபரப்பாக இருப்பதும், கத்துவதும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசலை நோக்கி நடப்பதும் உண்டு. பயமா, வலியா, மலச்சிக்கலா, பேச்சு புரியாத தனிமையா என்று தேடுவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மனநோய்க்கான மருந்தைக் கொடுத்து மயங்கவைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். நினைவிழப்பு உள்ள முதியவர்களுக்கு இந்த மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலும் 2008-இலும் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்து உறையிலேயே அச்சிடச் செய்தது. ஆகவே அம்மா திடீரென்று நாள் முழுக்கத் தூங்குகிறார், வாயோரம் எச்சில் வழிகிறது, நேற்று வரை பேசியவர் இன்று வாய் திறக்கவில்லை என்றால், "நோய் முற்றிவிட்டது" என்று நம்புவதற்கு முன் மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். புதிதாக என்ன சேர்ந்தது, எந்த நோய்க்கு, யார் சம்மதம் கொடுத்தது? மறுக்கும் உரிமை அம்மாவுக்கும், அவரால் முடியாதபோது அவர் நியமித்தவருக்கும் உண்டு.

வெளியே போகச் சொன்னால்

இல்லங்களில் வாழ்பவர்களின் குறைகளைக் கேட்கும் குறைதீர்ப்பாளர்களிடம் வரும் புகார்களில் திரும்பத் திரும்ப வருவது இது: "வெள்ளிக்கிழமை மெடிகேர் முடிகிறது, சனிக்கிழமை அம்மாவை அழைத்துப் போய்விடுங்கள்."

மெடிகேர் என்பது நீண்டகாலத் தங்கலுக்கான திட்டம் அல்ல. குறைந்தது மூன்று நாள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்துவிட்டு வருபவருக்கு அதிகபட்சம் 100 நாள் வரை கொடுக்கும். முதல் 20 நாள் முழுமையாக, பிறகு தினசரி ஒரு தொகையை நோயாளியும் கட்ட வேண்டும். 100 நாளும் கிடைப்பது உறுதியில்லை. "முன்னேற்றம் இல்லை, அதனால் நிறுத்துகிறோம்" என்று முன்பு வழக்கமாகச் சொல்லிவந்தார்கள். 2013-இல், அரசுக்கு எதிராக நோயாளிகள் தொடுத்த ஜிம்மோ வழக்கின் சமரசத்துக்குப் பிறகு அந்தக் காரணம் செல்லாது: இருக்கும் நிலை சரியாமல் காக்கவே திறன்மிக்க பராமரிப்பு தேவை என்றாலும் மெடிகேர் கொடுக்க வேண்டும். நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதில் உள்ள எண்ணுக்கு, பணம் நிற்கப்போகும் நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் அழைத்து விரைவு மேல்முறையீடு செய்யலாம்.

அதைவிட முக்கியமானது வேறு. மெடிகேர் பணம் நிற்பதும், அம்மா வெளியேறுவதும் இரண்டு தனி விஷயங்கள். ஒருவரை வெளியேற்றச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் ஆறே ஆறு. அவருடைய தேவையை அந்த இல்லத்தால் நிறைவேற்ற முடியாமை, இனி அந்தப் பராமரிப்பு தேவைப்படாத அளவுக்கு உடல் தேறியிருத்தல், அவரால் மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து, மற்றவர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து, முறையாக அறிவித்தும் பணம் கட்டாமை, இல்லமே மூடப்படுதல். மகள் அதிகம் கேள்வி கேட்கிறாள் என்பது இதில் இல்லை. மெடிகேரிலிருந்து குறைந்த தொகை தரும் மெடிகெய்டுக்கு மாறுகிறார் என்பதும் இல்லை. மெடிகெய்டு சான்று பெற்ற இல்லம் அந்த மாற்றத்துக்காக ஒருவரை அனுப்ப முடியாது. மெடிகெய்டு விண்ணப்பம் முடிவாகாமல் நிற்கும்போது "பணம் கட்டவில்லை" என்றும் சொல்ல முடியாது. (கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு மெடிகெய்டு கிடைக்கப் பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை விமான டிக்கெட் எடுக்கும் முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது.)

காரணம் சரியாகவே இருந்தாலும் வாய்வார்த்தை போதாது. பொதுவாக 30 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். அவசர நிலையிலும், தங்கியே 30 நாள் ஆகாதவர் விஷயத்திலும் இது குறையலாம். என்ன காரணம், எந்த நாள், எங்கே அனுப்பப்போகிறார்கள், எங்கே மேல்முறையீடு செய்வது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி மாநிலக் குறைதீர்ப்பாளருக்குப் போக வேண்டும். மேல்முறையீடு செய்துவிட்டால், தீர்ப்பு வரும்வரை, யாருக்கும் ஆபத்து என்ற நிலை இல்லாத பட்சத்தில், அனுப்ப முடியாது. இத்தனை சம்பிரதாயம் இருப்பதால்தான் பல இல்லங்கள் நோட்டீஸ் கொடுக்காமல் வெறும் பேச்சிலேயே காரியத்தை முடிக்கப் பார்க்கின்றன. "எழுத்தில் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேட்டால் சில வெளியேற்றங்கள் அங்கேயே நின்றுபோகும்.

இன்னொரு தந்திரம் மருத்துவமனை வழியாக நடக்கும். சிறு பிரச்சினைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, குணமானதும் "இடம் நிரம்பிவிட்டது" என்பார்கள். படுக்கையை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை அனுப்பும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த நாள்கள் கடந்துவிட்டாலும், மெடிகேர் அல்லது மெடிகெய்டுக்குத் தகுதியுள்ளவருக்கு, அடுத்துக் காலியாகும் படுக்கையில் திரும்பி வரும் உரிமை உண்டு. சேர்க்கவே மாட்டோம் என்றால் அது வெளியேற்றம்தான். மேலே சொன்ன ஆறு காரணமும் நோட்டீஸும் அங்கேயும் வேண்டும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைக்காசை இல்லத்திடம் ஒப்படைக்கும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பி ஒப்படைத்தால் தனிக் கணக்கு வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். மெடிகெய்டில் இருப்பவர் தம் வருமானத்தில் பெரும்பகுதியை இல்லத்துக்குக் கொடுத்துவிடுகிறார். சொந்தச் செலவுக்கு விட்டுவைக்கப்படும் தொகைக்கு மத்திய அரசு வைத்த கீழ் வரம்பு மாதம் 30 டாலர். பல மாநிலங்கள் கூடுதலாகத் தருகின்றன. ஆனாலும் அந்த 30 டாலரை இன்றைக்கும் மாற்றாமல் வைத்திருப்பவர்களை என்ன சொல்வது! வளையல், காது கேட்கும் கருவி, பல்செட் எல்லாவற்றையும் முதல் நாளே படம் எடுத்துப் பட்டியல் போட்டு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது?

எல்லாக் கதவையும் ஒன்றாக நினைத்துத் தட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒவ்வொன்றின் வேலையும் வேறு.

ஆம்பட்ஸ்மன் எனப்படும் நீண்டகாலப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளர் 1972-இல் சோதனைத் திட்டமாகத் தொடங்கி, 1978-இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பதவி. இலவசம். இல்லத்துக்குள் போய் அம்மாவைத் தனியே சந்திக்கலாம். அம்மாவின் சம்மதமின்றி அவர் பெயரை வெளியே சொல்லவோ நடவடிக்கை எடுக்கவோ மாட்டார். இங்கேயும் உரிமை அம்மாவுடையதுதான். ஆனால் குறைதீர்ப்பாளரால் அபராதம் போட முடியாது. பேசித் தீர்ப்பது, வெளியேற்ற நோட்டீஸை எதிர்ப்பதில் துணை நிற்பது ஆகியவை அவருடைய பலம்.

அபராதம் வேண்டுமென்றால் மாநில ஆய்வு அமைப்பு. அவர்கள் 15 மாதத்துக்குள் ஒருமுறையாவது முன்னறிவிப்பின்றி எல்லா இல்லங்களையும் சோதிக்க வேண்டும். புகார் வந்தால் அதற்கென்று தனியாகவும் வருவார்கள். அவர்களுடைய அறிக்கையை இல்லம் யாரும் எடுத்துப் படிக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். மெடிகேரின் 'கேர் கம்பேர்' இணையப் பக்கத்திலும் படிக்கலாம். அங்கே நட்சத்திர மதிப்பீடும் உண்டு; நட்சத்திரத்தைவிட அறிக்கையின் வாசகமே அதிகம் பேசும். அடித்தல், திருடுதல், பாலியல் தொல்லை போன்றவற்றுக்கு இவர்களோடு நிறுத்தாமல் காவல்துறையை அழைக்க வேண்டும். இழப்பீடு வேண்டுமென்றால் வழக்கறிஞர்தான். ஆனால் வழக்கு முடியும்வரை இன்றிரவு அம்மாவை யார் புரட்டிப் படுக்கவைப்பார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

நீதிமன்றம் பற்றிச் சொல்லும்போது 2023 ஜூனில் வந்த டலெவ்ஸ்கி தீர்ப்பை விட முடியாது. இண்டியானா மாநிலத்தில் மாவட்டப் பொதுச் சுகாதார அமைப்புக்குச் சொந்தமான இல்லம் ஒன்றில் நினைவிழப்பு உள்ள முதியவர் ஒருவர் சேர்க்கப்பட்டார். சேர்ந்த சில மாதங்களில் தானாகச் சாப்பிடும் திறனையே இழந்தார். நோய் முற்றுகிறது என்றார்கள். ஆறு வீரியமான மனநல மருந்துகள் கொடுக்கப்பட்டது பிறகுதான் தெரியவந்தது என்றும், வெளி மருத்துவர் அவற்றைக் குறைத்ததும் அவர் மீண்டும் தன் கையால் சாப்பிட்டார் என்றும், அதன் பிறகு விருப்பமின்றி வேறிடத்துக்கு மாற்றப் பார்த்தார்கள் என்றும் குடும்பம் வழக்குத் தொடுத்தது. 1871-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் ஒன்றைக் கொண்டு, 1987 சட்டம் தந்த இந்த உரிமைகளுக்காகத் தனிமனிதர் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கேதாஞ்சி பிரவுன் ஜாக்சன். இந்த வழி அரசு நடத்தும் இல்லங்களுக்கே திறந்திருக்கிறது. தனியார் இல்லம் என்றால் மாநிலச் சட்டங்களின் கீழ்தான் போக வேண்டும். அந்த முதியவர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

புகார் சொன்னால் அம்மாவைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, அது நியாயமான பயமும்கூட. பழிவாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி மட்டும் இரவு ஷிப்டில் நிற்காது. அதிக பலன் தருவது அடிக்கடி போய் வருவதுதான், அதுவும் நேரம் மாற்றி மாற்றி. ஒரு நாள் காலைச் சிற்றுண்டி வேளையில், ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேதி போட்டுக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். மற்றக் குடும்பத்தாரோடு சேர்ந்து குடும்ப மன்றம் அமைக்கலாம். கூடிப் பேச இல்லம் தனியிடம் தர வேண்டும், எழுப்பும் குறைகளுக்குப் பதில் சொல்லவும் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கேட்கும்போது யாருடைய அம்மா என்று குறிவைக்க முடியாது.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வரவேற்பு மேசையில் திருப்பி அனுப்பினால், உறவினர்களை உடனே அனுமதிக்க வேண்டும் என்ற மத்திய விதியைச் சொல்லுங்கள். அந்த விதியில் ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. இன்று யாரையும் பார்க்க விருப்பமில்லை என்று அம்மா சொல்லிவிட்டால், எத்தனை மணி நேரம் காரோட்டி வந்த மகனானாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.